ஓ.இ.எம். லைசென்ஸுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

காரைக்குடியிலிருந்து:

வணக்கம். பழைய சர்வர்களைச் செப்பனிட்டு விற்கிறேன். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ரைஸ்மில், நகைக்கடைக்காரர்கள். விலைப்பட்டியலைத் தமிழில் போட உட்கார்ந்து, ஓ.இ.எம். லைசென்ஸில் மாட்டிக்கொண்டேன்.

தயாரித்த கம்பெனியே (ஓ.இ.எம். என்பது அதுதான்) விண்டோஸ் போட்டு அனுப்பிய சர்வர் என்றால், உரிமம் அந்தச் சர்வரோடு போகும். வேறொன்றுக்கு மாற்ற முடியாது. ஒரு நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களுக்கு மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸ், அந்த நிறுவனத்தின் சொத்து. சர்வரை விற்றாலும் உரிமம் அவர்களிடமே நிற்கும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில், இடித்த வீட்டுத் தேக்குத் தூண் வாங்கினால் வீட்டுப் பட்டாவும் சேர்ந்தா வரும்? போன மாதம் ஒருவர், "அதான் விண்டோஸ் ஓடுதே, அப்புறம் எதுக்குத் தனியாக் காசு?" என்று ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றார்.

'ஒட்டுரிமம்' சரியா? சர்வர் மேல் ஒட்டியிருக்கும் உரிம ஸ்டிக்கரும் நினைவுக்கு வரும், ஒட்டுமாவைப் போலப் பிரிக்க முடியாது என்பதும் வரும்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, அழகான சொல்தான். ஆனால் ஒரு சுழி கூடினால் 'ஓட்டுரிமம்'. பாதிப் பேர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்பார்கள், மீதிப் பேர் வாக்குச்சாவடி என்பார்கள். 'கட்டுரிமம்' எப்படி? யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்கிற மென்பொருளுக்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு எதிராக நிற்கும்.

காரைக்குடியிலிருந்து:

தம்பி, சுழி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் வால்யூம் லைசென்ஸும் கட்டுப்பட்டதுதானே? கட்டா இல்லையா என்பது விண்டோஸுக்குப் பதில் டெபியன் என்ற கட்டற்ற சிஸ்டம் போடலாமா என்று யோசிப்பவருக்கு உதவும். என் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியது, உரிமம் யாருக்குச் சொந்தம் என்பது. கடையில் சர்வரைப் 'பெட்டி' என்றுதான் சொல்கிறோம். 'பெட்டி உரிமம்', 'நிறுவன உரிமம்' என்று இரட்டையாக வைத்தால் விளக்கமே வேண்டாம்.

அடுத்த சிக்கல் சி.ஏ.எல்., அதாவது கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ். சர்வரைத் தொடும் ஒவ்வோர் ஆளுக்கும், அல்லது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வாங்க வேண்டியது. நம் நகரத்தார் கோயில்களில் கல்யாணமானவர்களைப் புள்ளியாக எண்ணி வரி போடும் கணக்கு மாதிரி 'புள்ளி உரிமம்' என்று சொல்ல ஆசை.

தேவகோட்டையிலிருந்து:

பெட்டி உரிமம் பிரமாதம். புள்ளி வேண்டாம் அண்ணே, கோயம்புத்தூர்க்காரர் கோலப்புள்ளி என்று நினைப்பார். தவிர, கல்யாணம் ஆனால்தானே புள்ளி? உங்கள் கணக்கில் பில் போடும் பையனும் உண்டே! 'ஆள் உரிமம்', 'கருவி உரிமம்' போதும். மூன்று ஷிப்ட் ஆட்கள் ஒரே கம்ப்யூட்டரில் உட்காரும் மில்லுக்குக் கருவி உரிமம்தான் லாபம் என்பதும் பெயரிலேயே தெரியும்.

பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதியான 'கோர்' மட்டும் அப்படியே இருக்கட்டும். ஆனால் எண்ணிக்கையைப் பட்டியலில் போடுங்கள். பெட்டி உரிமம் இல்லாத சர்வரில் 12 கோர் பிராசஸர் இரண்டு இருந்தால், புதிதாக விண்டோஸ் வாங்குகிறவர் 24 கோருக்கும் கட்ட வேண்டும். சின்ன சர்வர் என்றாலும் குறைந்தது 16. பெட்டி மலிவு, உரிமம் யானை விலை.

காரைக்குடியிலிருந்து:

சரி, முதல் வரி இப்படிப் போகிறது: "விண்டோஸ் சர்வர் 2016, பெட்டி உரிமம் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஜனவரி வரை. ஆள் உரிமம் தனி."