மணி பிளான்டில் வெள்ளைப் பகுதி மட்டும் கருகுகிறது, இது எந்த ரகம்?

கேள்வி
வணக்கம். நர்சரியில் ‘வெள்ளை மணி பிளான்ட்’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். இலை சின்னது, வெள்ளையும் பச்சையும் தனித்தனித் திட்டாக இருக்கின்றன. கிழக்கு ஜன்னலிலிருந்து 6 அடி தள்ளி இருக்கிறது. ஊற்றுவது போர் தண்ணீர். வெள்ளை ஓரங்கள் பழுப்பாகிக் கருகுகின்றன, ஒரு கொடி முழுப் பச்சையாகவே வருகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1
இரண்டு நிறத்துக்கும் நடுவே எல்லை தெளிவாக இருந்தால் ‘என்ஜாய்’. வெள்ளைக்குள் பொடிப்பொடியாகப் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் ‘பேர்ல்ஸ் அண்ட் ஜேட்’; மார்பிள் குயின் என்ற ரகத்திலிருந்து புளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. மார்பிள் குயினுக்கு இலை பெரிசு, நிறங்கள் இழையிழையாகக் கலந்திருக்கும். மஞ்சுளாவில் இலை அகன்று ஓரம் நெளியும். ஒரே இலையை வைத்து முடிவு கட்டாதீர்கள், முற்றிய இலைகள் நாலைந்தைப் பாருங்கள்.

பதில் 2
கருகலுக்கு முதல் சந்தேகம் உப்புதான். போர் தண்ணீரின் உப்பும், கழுவாத கோகோபீட்டின் (தேங்காய் நார்த்தூள்) உப்பும் தொட்டியில் சேர்ந்து இலை ஓரத்தைத் தாக்கும். வெள்ளைப் பகுதியில் அது சீக்கிரம் தெரியும். மண்மேல் வெள்ளைப் படலம் இருக்கிறதா பாருங்கள். தொட்டி கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு மழைநீரோ ஆர்ஓ நீரோ மெதுவாக ஊற்றி, அடியில் முழுக்க வடிய விடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். அதன்பின் மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர்.

கறை ஈரமாக, கருப்பாக, மஞ்சள் வளையத்தோடு பரவினால் விஷயம் வேறு: வேர் அழுகலாக இருக்கலாம். செடியை உருவிப் பாருங்கள்; வேர் கொழகொழத்திருந்தால் அதை வெட்டிவிட்டு, கழுவிய கோகோபீட் 2 பங்கு, பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைத் துகள்) 1, மண்புழு உரம் 1 கலந்து நடுங்கள். கருகிய இடம் திரும்ப வெளுக்காது, புது இலையை வைத்துத்தான் பலன் தெரியும்.

உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) போதும், லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை. புது வேர் பிடிக்கும்வரை அதுவும் வேண்டாம்.

பதில் 3
6 அடி இந்தச் செடிக்கு இருட்டு. 2 அடிக்குக் கொண்டு வாருங்கள். ஆனால் உச்சி வெயில் நேராகப் படக்கூடாது, வெள்ளை வெந்துவிடும். பச்சைக் கொடியை விட்டுவைக்காதீர்கள். பச்சையம் அதிகம் என்பதால் அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். வெள்ளை கலந்த கடைசி இலையின் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. வெட்டிய பச்சைத் துண்டைத் தண்ணீரில் வைத்தால் வெள்ளை திரும்புமா?

பதில் 3
ஒரு கணு மூழ்கினால் வேர் விடும், ஆனால் பெரும்பாலும் பச்சையாகவே வளரும். வெள்ளை வேண்டுமென்றால் தண்டிலும் வெள்ளைக் கோடு ஓடும் கணுவாகப் பார்த்து எடுங்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், சாறு அரிக்கும். பூனை இருந்தால் துண்டுகளைத் தரையில் விடாதீர்கள், கடித்தால் அதற்கு ஆகாது.