டேட்டா கிளப்பில் சேர வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். சென்னைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரி டேட்டா சயின்ஸ் கிளப்பில் சேர ரொம்ப ஆசை. போன மாதம் நேர்காணலுக்குப் போனேன். "இதுவரை என்ன ப்ராஜெக்ட் செய்திருக்கிறாய்?" என்றார்கள். ஒன்றும் இல்லை என்றேன். இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ப்ராஜெக்ட் செய்யக் கற்றுக்கொள்ளத்தானே கிளப்புக்கு வருகிறோம்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி என்று அன்று இரவே ஹாஸ்டலில் உட்கார்ந்து காகிள் என்கிற டேட்டா சயின்ஸ் பயிற்சித் தளத்தில், டைட்டானிக் கப்பல் பயணிகளில் யார் பிழைத்தார்கள் என்ற தரவை எடுத்தேன். 891 பயணிகளில் 177 பேருக்கு வயதே பதிவாகவில்லை. அவர்கள் எல்லோருக்கும் சராசரி வயதைப் போட்டு நிரப்பினேன். அப்புறம் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான், 'மாஸ்டர்' என்று இருப்பவர்கள் சின்னப் பையன்கள் என்று தெரிந்தது. அவர்களில் வயது இல்லாதவர்களுக்கும் கிட்டத்தட்ட 30 வயது போட்டிருந்தேன்! மறுபடி திருத்தி, எழுதிய நிரலை எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டேன். அந்த இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த சேர்க்கைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. டைட்டானிக்கை எல்லோரும்தான் செய்கிறார்கள். என் துறையை ஒட்டி, இயந்திரங்களில் இருக்கும் பேரிங்கின் அதிர்வுத் தரவு மாதிரி ஏதாவது எடுத்துச் செய்தால் மதிப்பார்களா? லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான், அதனால் நிரலை இணையத்திலேயே ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் ஓட்டுகிறேன். சென்னைப்பை (சென்னை பைத்தான் நிரலாளர் குழு) கூட்டங்களுக்குப் போகிறவர்கள் இங்கே இருந்தால், முதல் தடவை உங்களோடு வரலாமா? தனியாக வரத் தயக்கமாக இருக்கிறது.