ஆசிய, ஆப்பிரிக்க, இஸ்லாமிய வரலாறு பேப்பர் எடுக்கலாமா?

பாளை மாணவன்:
பாளையங்கோட்டையில் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம். அடுத்த செமஸ்டருக்கு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். ஒன்று சுற்றுலா, இன்னொன்று ஆசிய, ஆப்பிரிக்க, இஸ்லாமியச் சமூகங்களின் வரலாறு. கூட்டாளிகள் எல்லாரும் சுற்றுலா பக்கம், மார்க் விழுமாம். எனக்கு இரண்டாவதில்தான் ஆசை. ஆனால் சிலபஸைப் பார்த்தால் அப்பாசியர், மாலி, உஸ்மானியர், மெய்ஜி ஜப்பான் என்று போய்க்கொண்டே இருக்கிறது, எதைப் பிடிப்பது எதை விடுவது என்றே தெரியவில்லை. அப்பா வேறு, "திருநவேலில இருந்துக்கிட்டு ஆப்பிரிக்காவைப் படிச்சு என்னல செய்யப் போற" என்கிறார்.

காயல்காரன்:
அப்பாவை ஒரு நாள் பழையகாயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்றைக்குப் பார்த்தால் உப்பளமும் மண்ணும்தான், ஆனால் 13ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ், ஏடன் கப்பல்கள் குதிரையோடு வந்து நின்ற துறைமுகம் என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். பாண்டியர்கள் வருஷா வருஷம் குதிரை வாங்கியிருக்கிறார்கள், அவையும் வருஷா வருஷம் செத்திருக்கின்றன. காரணமும் அவரே சொல்கிறார்: வேகவைத்த சோறும் இறைச்சியும்தான் தீனியாம்! அப்புறம் அப்பா தினம் சொல்லும் வசூல், பாக்கி, வக்கீல், ஜில்லா எல்லாம் அரபியிலிருந்து வந்த சொற்கள்தானே.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, எல்லா வம்சத்தையும் மனப்பாடம் செய்யப் போனால் கிறுக்குப் பிடித்துவிடும். ஒரே ஓர் ஆளைப் பிடித்துக்கொள், ஊர் ஊராகச் சுற்றி எழுதிவைத்த பயணி இப்னு பதூதா. 1304இல் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்தவர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் மொகதிஷு, கில்வா பார்த்து, டெல்லியில் காஜி (இஸ்லாமிய நீதிபதி) வேலை பார்த்து, இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் உடைந்து நம் மதுரை சுல்தானிடம் வந்து சேர்கிறார். அந்தச் சுல்தான் இவருக்குச் சகலை. சகலை என்று பார்க்காமல் அவர் செய்த கொடுமைகளையும் எழுதிவைத்திருக்கிறார், பார்த்துக்கொள். 1352இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிக்குக் கிளம்புகிறார். மன்னர் பரிசு என்றதும் பட்டாடையும் பணமும் வரும் என்று எழுந்து நின்றால், வந்தது மூன்று ரொட்டி, ஒரு துண்டு மாட்டிறைச்சி, சுரைக்குடுக்கையில் தயிர்! அதே நாட்டை அதற்கு முன் ஆண்ட மன்சா மூசா 1324இல் ஹஜ் போகும் வழியில் கெய்ரோவில் இறைத்த தங்கத்தில் அங்கே தங்கத்தின் விலையே விழுந்தது. அது எப்படி, தங்கம் எந்த வழியாக வந்தது, பதிலுக்கு சகாரா உப்பு எப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டே போ, பாதி சிலபஸ் தானாக வந்துவிடும்.

நெல்லைச் சீமை:
நானும் இதே பேப்பர்தான் எடுத்தேன், எங்கே என்று கேட்காதீர்கள். ஒரு செமஸ்டர் முழுக்கக் கலீபாக்களின் பட்டியலை வாசித்தே ஓட்டிவிட்டார்கள், ஆப்பிரிக்காவுக்குக் கடைசி மூன்று வகுப்பு, அதிலும் 1884 பெர்லின் மாநாட்டில் வெள்ளைக்காரன் பங்கு போட்டதுதான். ஆப்பிரிக்கர் யாரும் அதில் வரவே இல்லை. பேப்பரின் பெயரே எனக்குக் கோளாறாகத்தான் படுகிறது, ஐரோப்பா போக மிச்சம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினது மாதிரி. மாலியை ஆப்பிரிக்காவில் வைப்பீர்களா, இஸ்லாமியத்தில் வைப்பீர்களா? இந்தோனேசியாவை? போட்டித் தேர்வுதான் குறி என்றால் இந்திய வரலாற்றிலேயே நில்லுங்கள். இல்லை என்றால் எடுங்கள், ஆனால் யார் நடத்துகிறார்கள் என்று சீனியரிடம் விசாரித்துவிட்டு எடுங்கள்.

பாளை மாணவன்:
விசாரித்தேன், நல்லா நடத்துவாராம். ராத்திரி அப்பாவிடம் குதிரைக் கதையைச் சொன்னேன். "சோத்தையும் கறியையும் போட்டா குதிரை சாகாம என்னல செய்யும்" என்று சிரித்துக்கொண்டே ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.