நடவுப் பாட்டைப் பதிய ரெக்கார்டர்: ஊனோ போதுமா?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கைநடவு குறைந்துகொண்டே வருகிறது. இந்தச் சம்பாவிலாவது அத்தைமார் பாடும் நடவுப் பாட்டைப் பதிந்துவிட வேண்டும். கையில் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன கண்ட்ரோலர் போர்டு), மைக் மாட்யூல், எஸ்டி கார்டு மாட்யூல் இருக்கின்றன. எத்தனை ஜிபி கார்டு, எவ்வளவு வேகம் வேண்டும்?

குடந்தை சால்டர்:
கவலையே வேண்டாம் தம்பி. ஒலியை நொடிக்கு 8,000 தடவை அளந்து எடு (8,000 சாம்பிள்), ஒவ்வொன்றும் 8 பிட். நொடிக்கு 8,000 பைட், மணிக்கு 28.8 எம்பி. இருப்பதிலேயே சின்ன கார்டு போதும். கிளாஸ் 4 கார்டு நொடிக்கு 4 எம்பி எழுதும். நமக்குத் தேவை அதில் 500இல் ஒரு பங்கு. ஊனோவே தாங்கும்.

தேர்வடம்:
அண்ணே, அந்த 4 எம்பி தொடர்ச்சியாக எழுதும்போது கிடைக்கும் வேகம். கார்டு தன் உள்வேலைக்காக நடுநடுவே நின்றுவிடும். ஒரு தடவை எழுத 250 மில்லி நொடி வரை எடுத்துக்கொள்ள எஸ்டி விதியே இடம் கொடுக்கிறது. அந்தக் கால் நொடியில் 2,000 பைட் வந்து குவியும். ஊனோவின் மொத்த ரேமே 2,048 பைட்தான். எஸ்டி லைப்ரரி அதில் 512ஐ விழுங்கிவிடும். மிச்சத்தில் எங்கே வைப்பீர்கள்? பாட்டு வெட்டி வெட்டித்தான் வரும்.

குடந்தை சால்டர்:
250 என்பது உச்சவரம்பு. கார்டைப் புதிதாக ஃபார்மட் செய்து, கோப்புக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிட்டால் அவ்வளவு நேரம் நிற்பது அபூர்வம். 8,000 சாம்பிளில் தரம் குறையுமே என்றால், பழைய டெலிபோனில் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்குமான ஒலியோடு பேச்சு புரியவில்லையா?

தேர்வடம்:
பேச்சு புரியும். நடவில் குலவை போடுவார்களே, அதை என்ன செய்வது? 8 பிட்டில் மொத்தம் 256 படி. குலவை தெறிக்காதபடி மைக்கை வைத்தால், அதில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் வரும் பாட்டுக்கு 25 படிதான் மிஞ்சும். கரகரவென்று கேட்கும். ஊனோவைவிட வலுவான ஈஎஸ்பி32 போர்டு, கூடவே ஐ2எஸ் மைக் (ஒலியை நேராக டிஜிட்டலாகவே தரும் மைக்) வாங்குங்கள். 16,000 சாம்பிள், 16 பிட் என்றால் நொடிக்கு 32,000 பைட், மணிக்கு 115 எம்பி. 32 ஜிபி கார்டில் 250 மணி நேரத்துக்கு மேல் பதியலாம். கார்டு நிற்கும் கால் நொடியைச் சமாளிக்க 8,000 பைட் பஃபர் (எழுதும்வரை ரேமில் தாங்கி வைக்கும் இடம்) வேண்டும்; ஈஎஸ்பி32இன் ரேம் 520 கேபி.

நாகை அலை:
போன் இருக்கும்போது எதற்கப்பா இத்தனை கணக்கு? எதில் பதிந்தாலும் மைக்குக்கு ஸ்பாஞ்ச் போடுங்கள், வயக்காட்டில் காத்து சத்தம்தான் முதலில் விழும்.

வெண்ணாற்றங்கரை:
போனை நீட்டினால் வெட்கப்பட்டுச் சிரித்துவிடுகிறார்கள் அக்கா. சொல்லிவிட்டு வரப்பில் ஒரு டப்பாவை வைத்தால் மறந்துபோய்ப் பாடுவார்கள்.

குடந்தை சால்டர்:
அப்படியென்றால் காசு செலவழிக்கும் முன் ஒன்று செய். ஊனோவில் ஒரு மணி நேரம் பதிந்து, ஒவ்வொரு முறை எழுத ஆகும் நேரத்தில் மிக அதிகமானதை மட்டும் குறித்துவை. 512 பைட் பஃபர் நிறைய 64 மில்லி நொடி. அதைத் தாண்டவில்லை என்றால் வெட்டாது.

தேர்வடம்:
அந்த ஒரு கார்டுக்கு, அதுவும் காலியாக இருக்கும்வரைக்கும். குலவைக்கு இன்னும் பதில் வரவில்லை அண்ணே.