மறுமொழி: ஆர்க் ஃபிளாஷ் – ‘மின்பொறி வெடிப்பு’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆர்க் ஃபிளாஷ், அதாவது மின்சாரம் காற்றினூடே பாய்ந்து கடும் அனலும் ஒளியுமாக வீசுவது. அதற்குத் தமிழில் ‘மின்பொறி வெடிப்பு’ என்ற பரிந்துரையைப் படித்தேன். எனக்கு அது ஒட்டவில்லை. பொறி என்றதும் பிளக்கைப் பிடுங்கும்போது பளிச்சென்று தெறிக்குமே, அதுதான் நினைவுக்கு வரும், அதற்கு யாரும் பயப்படுவதில்லை. வெடிப்பு என்ற சொல்லோ ஆர்க் பிளாஸ்டுக்கு வேண்டும். ஆர்க்கின் சூட்டில் செம்பு நொடியில் ஆவியாகிப் பல்லாயிரம் மடங்கு விரியும்போது எழும் அழுத்தம் ஆளையே தூக்கி எறியும், அது தனி ஆபத்து.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் மின்சாரம் இருக்கும் பேனலில் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார், ஸ்பேனர் நழுவி இரண்டு பஸ்பாருக்கு (மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள்) நடுவே விழுந்தது. அவர் கை எதன்மேலும் படவில்லை, ஆனாலும் முகமும் முன்கைகளும் வெந்துபோய், பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “ஷாக் அடிச்சிடுச்சா?” என்றுதான் கேட்டார்கள். தொடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம், அந்த நினைப்பை உடைக்கிற சொல்தான் வேண்டும்.

அதனால் என் பரிந்துரை ‘மின்வில் அனல்வீச்சு’. ஆர்க் வெல்டிங்குக்கு மின்வில் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அனல் வீசும் என்றால் தள்ளி நிற்பவர்மேலும் படும் என்பது விளக்காமலே புரியும். வீச்சு இயற்பியலில் அலைக்கு வருவதுதானே என்று கேட்கலாம், முன்னால் அனல் இருப்பதால் குழப்பம் வராது. பேனல் கதவில் ஒட்ட ‘அனல்வீச்சு அபாயம்’ போதும்.

அப்புறம், இன்சிடென்ட் எனர்ஜி, அதாவது ஆர்க் ஃபிளாஷிலிருந்து உடல்மேல் வந்து படும் வெப்ப ஆற்றல். ஒளியியலில் வரும் ‘படுகதிர்’ மாதிரி ‘படு ஆற்றல்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன், வாய்விட்டுப் படித்தால் ‘படு மோசம்’ போல மிகப்பெரிய ஆற்றல் என்று காதில் விழுகிறது. ‘படும் ஆற்றல்’ என்று ஒரு ‘ம்’ சேர்த்தால் தீர்ந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி பட்டால் வெறும் தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கும். அந்த அளவு எவ்வளவு தூரம்வரை எட்டுகிறதோ, அதுதான் ‘அனல்வீச்சு எல்லை’.

சொற்கள் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க ஒரு வழிமுறையை எழுதிப் பார்த்தேன்:

“மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டவும். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் சோதிக்கவும். லைன் டெட் என்று உறுதியாகும்வரை அனல்வீச்சு எல்லைக்குள் இருப்பவர் யாரும் காப்புடையைக் கழற்றக் கூடாது.”

இதில் ‘லைன் டெட்’ (லைனில் மின்சாரம் இல்லை) மட்டும் உறுத்துகிறது. ‘மின்னற்ற நிலை’ என்று போடலாம், ஆனால் பேனல் முன்னால் நிற்பவர் அப்படிச் சொல்வாரா? களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.