நோர்வேயில் புதுக் கட்டடங்களுக்கு எதிரான சமூக ஊடகச் சண்டை: இதனால் ஏதாவது மாறுமா?

மழைக்காலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நோர்வேயில் இருப்பவர்களிடம், முக்கியமாகக் கட்டடத் துறையில் வேலை செய்பவர்களிடம் ஒரு கேள்வி.

நாங்கள் இருப்பது ஒஸ்லோவுக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு சின்ன நகரம். ஸ்டேசனுக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய மரவீடுகளை ஒரு கம்பனி வாங்கிவிட்டது. அவற்றை இடித்துவிட்டு எட்டு மாடியில் குடியிருப்பு கட்டப்போகிறார்களாம். கணினியில் வரைந்த படம் வெளியே வந்ததுதான் தாமதம், ஊர் முகநூல் குழு கொதித்துப்போய்க் கிடக்கிறது. படத்தைப் பார்க்க எனக்கும் வயிறு எரிகிறது. சாம்பல் நிறத் தகடு அடித்த பெட்டி, தட்டைக் கூரை, ஒழுங்கில்லாமல் அங்கும் இங்கும் தள்ளி வைத்த யன்னல்கள், இந்த நாட்டில் எந்த ஊரில் கொண்டுபோய் வைத்தாலும் அது எந்த ஊர் என்று சொல்லமுடியாது. யாரோ இன்ஸ்டகிராமில் இருக்கிற ஆர்க்கிடெக்தூர்-ஒப்ரோரெ, அதுதான் இந்தக் கட்டடக்கலைக் கிளர்ச்சிக்காரர், அவர்களுக்கும் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

என் குழப்பம் என்னவென்றால், என் மகள் வேலைக்குப் போகத் தொடங்கி, வாங்கக்கூடிய விலையில் ஒரு வீடு தேடி அலைகிறாள். பிள்ளைகளுக்கு வீடு இல்லை என்று சொல்லும் நாங்களே கட்டாதே என்று கத்துவது சரியா? அப்புறம், இவ்வளவு பேர் திட்டி எழுதுவதால் எங்கேயாவது ஒரு கட்டடமாவது மாறியிருக்கிறதா? மாறும் என்றால் நானும் எழுதத் தயார். எங்கள் ஆட்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம், ஆனால் இந்த மாதிரி விடயத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது எனக்குப் பெரிய கவலை.

கிழக்குக்கரை எழுதியது:

அக்கா, இந்தக் கிளர்ச்சி ஸ்வீடனில் 2014இல் ஒரு முகநூல் குழுவாகத் தொடங்கியது. அங்கே வருடா வருடம் ஆக மோசமான புதுக் கட்டடத்தைத் தெரிவு செய்து 'காஸ்பர் கல்கூன்' என்று பரிசே கொடுக்கிறார்கள். நோர்வேயில் இது சூடுபிடித்தது 2021இல். அதே வருடம் ஒக்ரோபரில் ஒஸ்லோவில் ஓவியர் முங்க்கின் படங்களுக்கான புது முங்க் அருங்காட்சியகம் திறந்தது. 13 மாடி, உச்சிப் பகுதி முன்னால் குனிந்த மாதிரி, உடம்பு முழுக்க ஓட்டை போட்ட அலுமினியத் தகடு. நெடுஞ்சாலை ஓரத் தடுப்புத் தகடுகளை எடுத்து அடுக்கிவைத்திருக்கிறார்கள் என்று திட்டினவர்கள் எத்தனையோ பேர். அடுத்த வருடம் ஜூனில் தேசிய அருங்காட்சியகம் திறந்தபோது அந்தச் சாம்பல் கற்சுவரைப் பார்த்துச் சிறைச்சாலை என்றார்கள். சனத்தின் கோபத்துக்குக் குறைவே இல்லை.

மாறுமா என்று கேட்டீர்கள், அதற்குப் பார்கோட் கதையைத்தான் சொல்லவேண்டும். ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே பார்த்தால் வரிசையாக நிற்கும் அந்த 12 உயரமான கட்டடங்கள். அவற்றுக்கு எதிராக 30,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். 2007 டிசம்பரில் ஆப்தன்போஸ்தன் பத்திரிகை எடுப்பித்த கருத்துக்கணிப்பில் நகரவாசிகளில் 71 வீதமானோர் வேண்டாம் என்றார்கள், வேண்டும் என்றவர்கள் 10 வீதம்கூட வருமோ தெரியாது. இருந்தும் எல்லாம் எழும்பியது. ஏன் என்றால் அவை நிற்கிற பியோர்விக்கா பகுதிக்கான திட்டத்தை நகரசபை 2003இலேயே நிறைவேற்றிவிட்டது. எங்கே எவ்வளவு கட்டலாம் என்பது முடிவாகி நாலு வருடம் கழித்துத்தான் சனம் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டது. நான் அப்போது அங்கே பக்கத்தில்தான் வேலை செய்தேன், கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கோபம் பொய்யில்லை, ஆனால் நேரம் பிந்திப்போனது.

ஆகவே உங்கள் ஊர்த் திட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

வரைபலகை எழுதியது:

நான் இங்கே ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கிழக்குக்கரை அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ஆனால் கிளர்ச்சிக்காரர்கள் எங்களைத் திட்டுகிற விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்தச் சாம்பல் பெட்டி எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். இந்த நாட்டில் ஒரு துண்டுக் காணிக்கு என்ன வரலாம் என்ற விரிவான திட்டத்தைப் பெரும்பாலும் தனியார் கம்பனிகளே வரைந்து நகரசபைக்குக் கொடுக்கின்றன. காணி வாங்கும்போதே இத்தனை மாடி கிடைக்கும் என்று கணக்குப் போட்டு விலை கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வட்டி ஏறும், கட்டுமானச் செலவு ஏறும். வெப்பம் வெளியே போகாமல் சுவர் தடிப்பாக இருக்கவேண்டும், லிப்ட் வேண்டும், குளியலறையில் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். இதெல்லாம் நல்ல விதிகள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசியில் எதைக் குறைக்கலாம் என்று கூட்டம் போட்டுப் பார்க்கும்போது மிஞ்சுவது வெளிச்சுவர்தான். நாங்கள் செங்கல் என்று வரைந்தது தகடாக மாறுவதும், நிலை ஆழமாக வைத்த யன்னல் சுவரோடு தட்டையாகப் போவதும் அந்தக் கூட்டத்தில்தான் நடக்கும். யன்னலை அங்கும் இங்கும் தள்ளி வைப்பது காசில்லாமல் சுவருக்கு ஒரு மாற்றம் காட்டுகிற வழி.

இன்னொன்று. சனத்துக்குப் புதுசு பிடிக்காது என்பது உண்மையே இல்லை. 2008இல் திறந்த ஒபரா மாளிகையில் ஒரு கூம்புக் கூரையும் கிடையாது, ஒரு பூவேலையும் கிடையாது, தண்ணீரில் இருந்து சரிவாக ஏறுகிற வெள்ளைப் பளிங்குக் கல்தான். கோடையில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. பக்கத்தில் 2020இல் திறந்த டைக்மன் நூலகத்தையும் சனம் கொண்டாடுகிறது. ஒன்றில் கூரையிலேயே ஏறி நடக்கலாம், மற்றதில் காசில்லாமல் நாள் முழுக்க இருக்கலாம். எனக்குக் கீழ்த்தளம்தான் முக்கியம். ஒரு புதுக் குடியிருப்பின் முன்னால் நடந்து பாருங்கள்: வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கும் இரும்புக் கதவு, அடுத்துக் காற்றுப் போக்கித் தகடு, அடுத்து சைக்கிள் அறையின் மூடிய சுவர், அப்புறம் குப்பை போடும் இடம். மனுசர் போய்வரும் கதவு பக்கத்துச் சந்துக்குள் இருக்கும். இதற்கு மேலே எந்தக் காலத்துக் கூரையைப் போட்டாலும் அந்தத் தெரு செத்ததுதான். மாடியின் உச்சியைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மீன்சந்தை எழுதியது:

வரைபலகை தம்பி, கீழ்த்தளம் பற்றிச் சொன்னது அருமை. ஆனால் காசு இல்லை, விதிகள் அதிகம் என்று சொல்லி முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் இருப்பது பேர்கனில். போன கோடையில் ஓலசுண்ட் போய்வந்தோம். 1904 ஜனவரியில் ஒரே இரவில் ஏறக்குறைய 850 வீடுகள் எரிந்து, 10,000 பேர் தெருவில் நின்ற ஊர் அது. அவர்களுக்கும் அவசரம், அவர்களுக்கும் கடன், புது விதி வேறு: நகர நடுவில் இனி மரத்தில் கட்டக்கூடாது. சில வருடங்களுக்குள் கல்லாலும் செங்கல்லாலும் முழு ஊரையும் எழுப்பினார்கள். கோபுரம் வைத்த மூலை வீடுகள், கதவுக்கு மேலே கல்லில் செதுக்கிய இலையும் முகமும். கதவுகளைப் பார்க்கவே நான் ஒரு தெருவில் நின்று நின்றுதான் போனேன். அதுவும் அந்தக் காலத்தில் புத்தம் புதுசான பாணிதான், பழசைப் பார்த்துப் போட்ட பிரதி இல்லை. அப்போது முடிந்தது, இத்தனை எண்ணெய்க் காசு இருக்கிற நாட்டில் இப்போது ஏன் முடியாது?

ஒஸ்லோ நகரமண்டபத்தையும் 1950இல் திறந்தபோது சனம் திட்டியதாம், பழுப்புப் பாலாடைக்கட்டி என்று பெயர் வைத்து. 2005இல் அதையே ஒஸ்லோவின் நூற்றாண்டுக் கட்டடமாகத் தெரிவு செய்தார்கள். கட்டடக்கலைஞர்கள் இதை எடுத்துக் காட்டி, பொறுங்கள், எல்லாம் பழகிவிடும் என்பார்கள். நான் கேட்பது, அது ஏன் பழகியது? முற்றத்தில் இருக்கிற 16 மரச் சிற்பங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பாருங்கள். வருடம் போகப் போக அழகாகிற பொருள் அது. மழை வழிந்து கறை பிடித்த தகட்டுச் சுவர் ஐம்பது வருடத்தில் எப்படி இருக்கும்?

சனம் அசிங்கம் என்று சொல்லும்போது, உங்களுக்கு ரசனை இல்லை, பழசுக்கு ஏங்குகிறீர்கள் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள், பல வருடமாக. அந்த வாயடைப்புத்தான் இந்தக் கிளர்ச்சியைப் பெருக்கியது. கொஞ்சம் கரடுமுரடாகத்தான் பேசுகிறார்கள், ஒத்துக்கொள்கிறேன், கட்டடக்கலைஞரின் பெயரைப் போட்டுக் கேவலப்படுத்துவது எனக்கும் பிடிக்காது. ஆனால் இவர்கள் வராவிட்டால் ஊர்ச் சனத்தின் கண்ணுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

வரைபலகை எழுதியது:

அக்கா, பொருள் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. அலுவலகத்தில் நாங்கள் தோற்கிற சண்டையும் அதுதான். வெளியே இருந்து சனமும் அதையே கேட்டால் எங்களுக்கும் பலம். 'தகடு வேண்டாம், செங்கல் அல்லது மரம், அதைத் திட்ட விதியிலேயே எழுதுங்கள்' என்று ஒருவர் எழுதினால் அதை நான் கூட்டத்தில் மேசையில் வைக்கலாம். 'அசிங்கம்' என்ற சொல்லை வைத்து என்னால் ஒன்றும் செய்யமுடியாது.

மழைக்காலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நகரசபையின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்த்தேன். திட்டம் இப்போது பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது, இன்னும் முடிவாகவில்லை. முகநூல் குழுவில் இத்தனை பேர் சண்டை போட்டும் ஒருவரும் இந்த இணைப்பைப் போடவே இல்லை, நான்தான் இன்று போட்டேன். நான் குடியுரிமை எடுக்கவில்லை, அதனால் ஏதாவது பிரச்சினை வருமா? எப்படி எழுதுவது?

கிழக்குக்கரை எழுதியது:

குடியுரிமை எல்லாம் தேவையில்லை அக்கா, யாரும் கருத்து அனுப்பலாம். குறைந்தது ஆறு வாரம் திறந்து வைக்கவேண்டும் என்பது சட்டம், கடைசித் திகதியை அந்தப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். இதை விட்டுவிட்டால் அப்புறம் கட்ட அனுமதி கேட்கும்போது பக்கத்து வீட்டாருக்கு வருகிற அறிவித்தல்தான் மிச்சம். அதற்குப் பதில் எழுத இரண்டே வாரம், உயரத்தைப் பற்றி அப்போது பேசிப் பெரிய பிரயோசனம் இல்லை.

வீடு வேண்டாம் என்று எழுதாதீர்கள். மகளுக்கு வீடு தேடுவதையும் சேர்த்தே எழுதுங்கள், ஸ்டேசன் பக்கத்தில் வீடு வருவது நல்லதுதான். தெருப்பக்கம் நாலு மாடி, பின்னால் போகப் போக உயரம், கீழே தெருவைப் பார்த்த கதவுகள், மரம் அல்லது செங்கல், பழைய வீடுகளில் ஒன்றையாவது வைத்துக்கொள்ள வழி பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கட்டடம் தன்னளவிலும் சுற்றாடலோடும் நல்ல தோற்றத்தில் இருக்கவேண்டும் என்று திட்டமிடல், கட்டடச் சட்டத்தின் 29-2ஆம் பிரிவு சொல்கிறது, அதை மேற்கோள் காட்டுங்கள். வருகிற கருத்துகளை நகரசபை அதிகாரிகள் தொகுத்துப் பதிலோடு அரசியல்வாதிகள் முன் வைப்பார்கள், வாக்களிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். உங்கள் ஊர் நகரசபை உறுப்பினர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

நோர்வேஜிய மொழியில் எழுதத் தயக்கம் என்றால் மகளை உதவச் சொல்லுங்கள், அல்லது தமிழில் எழுதி எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், மொழிபெயர்த்துத் தருகிறேன். திட்டத்தின் இலக்கத்தை மேலே எழுத மறக்கவேண்டாம்.