பிலிம் ரோலில் 36 படமா, 37 படமா?

காங்கேயத்தான்:
புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர் பிலிமில்தான் தொடங்க வேண்டும், ரோலுக்கு 36 படம் என்ற கட்டுப்பாடுதான் கண்ணைத் திறக்கும், டிஜிட்டல்காரர்கள் பொத்தானை அமுக்குகிறார்களே தவிரப் பார்ப்பதில்லை என்று நண்பர் இருட்டறை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பண்ணாரி அம்மன் கோயில் தீமிதிக் குண்டத்தை விடியும் முன் எடுக்கப் போனபோது, ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றினேன், பொழுது விடிந்ததும் 200-க்கு இறக்கினேன். ஐ.எஸ்.ஓ. 400 ரோலை மாட்டியவர் அது தீரும்வரை 400-லேயே கிடக்க வேண்டியதுதான். முதல் பத்துப் படங்கள் அசைந்திருந்ததைப் பின்திரையில் பார்த்து அங்கேயே திருத்திக்கொண்டேன். ரோல் கோவைக்குப் போய்க் கழுவி வருவதற்குள் என்ன ஷட்டர் வேகம் வைத்தேன் என்பதே மறந்திருக்கும்.

இருட்டறை:
மறக்காமல் இருக்கத்தான் நோட்டு என்று ஒன்று உண்டு. கோபியில் நான் பழகிய காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எண், அபெர்ச்சர் என்ற லென்ஸ் துளையின் அளவு, ஷட்டர் வேகம், வானம் இருந்த நிலை எல்லாவற்றையும் எழுதி வைத்தேன்; நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்குத் துளை எஃப் 16, வேகம் 1/125 வினாடி என்று ஒளிமீட்டர் இல்லாமல் சொல்லும் பழக்கம் அப்படித்தான் வந்தது. உச்சி வெயிலில் கொடிவேரி அணையின் வெள்ளை நுரையை டிஜிட்டலில் சற்றே வெளிச்சம் கூட்டி எடுத்துப் பாருங்கள், வெளுத்த இடத்தில் எதுவும் திரும்பி வராது; கலர் நெகட்டிவ் பிலிமோ இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சம் நான்கு மடங்கு ஆனாலும் தாங்கும். அது கிடக்கட்டும். 36 என்ற எண்தான் வாத்தியார் என்கிறேன்.

நொய்யல்கரை:
வாத்தியாரின் எண்ணிக்கையே பிழை, அய்யா. என் பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமராவில் ரோலின் முனையை வீணாக்காமல் மாட்டினால் 37 வருகிறது, சில ரோல்களில் 38 கூட வந்திருக்கிறது.

இருட்டறை:
பெட்டியில் அச்சிட்டிருப்பது 36. அதற்கு மேல் வருவதெல்லாம் கடைக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலை. லேபில் கிளிப் மாட்டும்போது முதலில் சேதமாவதும் அந்தக் கடைசிப் படம்தான்.

நொய்யல்கரை:
கறிவேப்பிலையானாலும் 37 என்பது 37-தான்.

காங்கேயத்தான்:
36 என்றே வைத்துக்கொள்வோம். சென்ற மாதம் நண்பரின் கேமராவில் ஆசைக்கு ஒரு ரோல் போட்டேன். ரோல், கழுவல், ஸ்கேன் மூன்றுக்கும் சேர்த்து 1500 ரூபாய் போயிற்று. ஊட்டியில் இந்து என்ற பெயரில் பிலிம் தயாரித்த அரசு ஆலையே மூடிக் கிடக்கிறது. அதைவிட, பிலிம் விற்ற கோடாக்கிலேயே 1975-இல் ஸ்டீவ் சாசன் டிஜிட்டல் கேமராவைச் செய்துவிட்டார்.

இருட்டறை:
அந்தக் கேமரா ஒரே ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. தம்பி அதை வாங்கிக்கொண்டால் பொறுமையும் வரும், டிஜிட்டல் பெருமையும் குறையாது. 1500 ரூபாய் போனது என்று அழுகிறவர் லென்ஸுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதையும் எழுதட்டும்.

காங்கேயத்தான்:
பொறுமையைப் பற்றி யார் பேசுவது? வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா கூட்டம் இறங்கிய அன்று, ரோலைத் திருப்பிச் சுற்றாமலே கேமராவின் பின்மூடியைத் திறந்து, ரோல் முழுவதற்கும் வெயில் காட்டியவர் தாங்கள்தானே? என் கார்டில் அன்றைய 400 படங்களும் பத்திரமாக இருக்கின்றன.

இருட்டறை:
கரையில் நின்று "அண்ணா, வாங்க வாங்க" என்று கத்தி என்னை அவசரப்படுத்தியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த 400-இல் ஒன்றையாவது இதுவரை பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறீர்களா? நான் இழந்தது வெறும் 36.

நொய்யல்கரை:
37.

இருட்டறை:
36 என்று மீண்டும் சொல்கிறேன்.

நொய்யல்கரை:
நேற்றிரவு பழைய உறைகளை எடுத்து விளக்கின் மேல் வைத்து எண்ணினேன். ஆறு படங்கள் கொண்ட துண்டுகள் ஆறு, அவற்றோடு தனியாக ஒரு படம் கொண்ட துண்டு ஒன்று. ஐந்து உறைகளிலும் அப்படியே இருந்தது.

இருட்டறை:
அந்த ஒற்றைத் துண்டுகளில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் ஏன் எழுதவில்லை? பாதிக் கட்டைவிரலும் செருப்பும்தான் இருக்கும். வேண்டுமானால் அவற்றைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், டிஜிட்டலில் எடுத்தாலும் பரவாயில்லை.